நரசீபுரம் ரோட்டில் திரும்பிய வண்டி

தொட்டையனை மைசூருக்குக் கொண்டு வந்தது பஞ்சம். கொள்ளேகாலத்துக்குத் தெற்கே, காட்டை ஒட்டி இருந்த அவன் ஊரில் அடுத்தடுத்து இரண்டு வருஷம் ராகி கருகிப்போனது. அப்பனும் ஆத்தாளும் கஞ்சி ஊற்றும் இடத்துக்குப் போகும் வழியிலேயே விழுந்தார்கள். யாரோ ஒரு வண்டிக்காரன் இரக்கப்பட்டு அவனை ஏற்றி வந்து, மண்டி மொஹல்லாவில் ஒரு குதிரை லாயத்து வாசலில் இறக்கிவிட்டுப் போனான். குதிரைச் சாணம் அள்ளியும் புல் சுமந்தும் அங்கேயே வளர்ந்தான். முப்பது வயதுக்குள் சொந்தமாக ஒரு ஜட்காவும் குதிரையும் சேர்த்துவிட்டான்.

பெண்டாட்டி பாப்பாயி அவன் ஊர்ப்பக்கத்தவள். வாய் ஓயாத பெண். துணைக்கு ஆள் கிடைக்காவிட்டால் குதிரையோடு பேசுவாள். அந்தக் குதிரைக்கோ உருதுவில் அதட்டினால்தான் காது அசையும். "உன்ற பேச்சு அதுக்கு வெளங்காது புள்ளே" என்று தொட்டையன் சிரிப்பான். "நீங்க பேசறது மட்டும் எனக்கு வெளங்குதாக்கும்" என்று அவள் திருப்புவாள். பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. அதன்பின் அவள் பேச்சு இன்னும் கூடியது. மைசூர் கடைசிவரை அவளுக்குப் பிடிபடவில்லை. சாமுண்டி மலையைக் காட்டினால், மாதேஸ்வரன் மலையை நினைத்துக்கொண்டு, "நம்ம மலையில பாதி வருமா இது" என்பாள்.

பிளேக் முதல்முதலாக மைசூருக்கு வந்த வருஷம் அது. எலிகள் பரணிலிருந்து செத்து விழுந்தன. சர்க்கார் கடுமையான சட்டம் போட்டது. காய்ச்சல்காரர் இருந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். நோயாளியை ஊருக்கு வெளியே போட்டிருந்த தகரக் கொட்டகைக்குக் கொண்டு போவார்கள். மற்றவர்களை முகாமில் வைப்பார்கள். வீட்டுக் கூரையின் ஓடுகளைப் பிரித்து வெயில் விழ விடுவார்கள். கொட்டகைக்குப் போனவர்களுக்கு மருந்தில் விஷம் கலந்து கொடுக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. போனவர்களில் பலர் திரும்பாததால் அந்தப் பேச்சை மறுக்க யாருக்கும் வாயில்லை.

சுகாதார இன்ஸ்பெக்டர் தெருத்தெருவாகப் போவதற்கு முனிசிபாலிடி தொட்டையனின் ஜட்காவை அமர்த்தியிருந்தது. தினமும் கொட்டகைவரை போய் வந்தான். அதனால் நோய் எப்படி வரும், எப்படிப் பரவும் என்பது அவனுக்கு ஓரளவு தெரியும்.

பக்கத்து வீட்டு தேவம்மாவின் புருஷனுக்குக் காய்ச்சல் கண்டபோது, அவள் அவரைத் தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் படுக்க வைத்து மறைத்தாள். இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, நஞ்சன்கூடு போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டாள். வண்டியில் உட்கார்ந்திருந்த தொட்டையனுக்கு உண்மை தெரியும். முந்தின நாள் சுவர் வழியாக அந்த மனிதர் முனகியதை அவன் கேட்டிருந்தான். அக்கம்பக்கத்து மனுஷியைக் காட்டிக்கொடுப்பதா என்று வாயை மூடிக்கொண்டான். தேவம்மாவின் புருஷன் செத்தார். பிறகு அவள் மைத்துனன். பிறகு எதிர்வீட்டில் தாயும் தகப்பனும் ஒரே நாளில். வாரம் திரும்புவதற்குள் தெருவில் பாதி வீடுகளுக்கு ஓடு இல்லை.

அப்போதுதான் பாப்பாயிக்குக் காய்ச்சல் வந்தது.

காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. தொட்டுப் பார்த்தான். கொதித்தது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் கட்டி இருக்கிறதா என்று கேட்டான்.

"அதெல்லாம் இல்லீங்க. இது சும்மாக் காச்ச. ஊருக்குப் போனா ஆத்தா கசாயம் வெச்சுக் குடுப்பா, செரியாப் போயிரும்."

"செரி, பாக்கலாம்."

"ஏனுங்க, என்னெ அந்தக் கொட்டாயிக்கு மட்டும் அனுப்பிப்போடாதீங்க. உங்க கால்ல வேணாலும் உளுகறேன். செத்தா ஊர்ல சாகறேன்."

தொட்டையன் வெளியே வந்து குதிரைக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றான். ஊருக்குப் போகும் வழியில் மைசூர்ச் சீமை எல்லையில் காய்ச்சல்காரர்களை மறித்து நிறுத்துவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். வீட்டில் வைத்துக்கொண்டால் தெருவில் மிச்சம் இருப்பவர்களும் போவார்கள். இதெல்லாம் நியாயமான யோசனைதான். ஆனால் அதற்கெல்லாம் அடியில் வேறொன்றும் இருந்தது. காலையில் அவள் நெற்றியைத் தொட்ட கையை அவன் ஏற்கெனவே மூன்று தடவை கழுவியிருந்தான்.

உள்ளே போய், "கெளம்பு. நம்ம ஊருக்கே போலாம்" என்றான்.

அவளுக்கு எங்கிருந்தோ பலம் வந்தது. எழுந்து தலையை வாரி முடிந்துகொண்டாள். ஆத்தாளுக்கென்று வாங்கி வைத்திருந்த புதுச் சீலையை ஒரு துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். ஊரைத் தாண்டி நரசீபுரம் ரோடு வந்ததும் படுதாவை விலக்கிப் பார்த்தாள். ஊருக்குப் போகும் ரோடு அதுதான் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் இருந்த புளிய மரங்களை அடையாளம் கண்டுகொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ராத்தங்கல் நரசீபுரத்துலதானுங்க?"

"ஆமா."

"ஆத்தா உங்களப் பாத்தா நாட்டுக்கோழி அடிக்காம உட மாட்டா. காச்சக்காரி இருக்கறா, வேண்டாம்னு சொல்லிப்போடுங்க."

கொஞ்ச தூரத்தில், தண்ணீர் வற்றிய ஒரு குட்டையின் ஓரமாக வண்டித்தடம் ஒன்று இடது பக்கம் பிரியும். அதன் முடிவில்தான் கொட்டகை. தினமும் இன்ஸ்பெக்டரை அங்கே இழுத்துப் பழகிய குதிரை, அந்த இடம் வந்ததும் தானாகவே இடது பக்கம் திரும்பியது. கொட்டகைக்குத்தான் என்று தொட்டையன் அதுவரை முடிவு செய்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தான். ஆனால் அந்த நிமிஷம் கடிவாளம் தளர்வாக அவன் கையில் கிடந்தது. இழுத்துப் பிடித்து ரோட்டுக்குத் திருப்பியிருக்கலாம். அவன் இழுக்கவில்லை.

தகரக் கூரைகள் தெரிந்தன. பினாயில் வாடை வந்தது. பாப்பாயி கத்துவாள், குதித்து ஓடப் பார்ப்பாள் என்று அவன் பயந்துகொண்டிருந்தான். அவள் ஒன்றும் செய்யவில்லை. தடம் முடிந்து வண்டி நின்றதும், "இது எந்த ஊருங்க?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் கேட்டாள்.

கிறிஸ்தவ மிஷனைச் சேர்ந்த சலோமி என்ற நர்ஸ் வந்து, இரண்டு ஆட்களைவிட்டு அவளை இறக்கினாள். பிறகு தொட்டையனைப் பார்த்து, "வீட்டாள் ஒருத்தர் கூட இருக்கலாம்பா. நீ இருக்கறியா?" என்று கேட்டாள்.

பாப்பாயி திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வண்டி இருக்குதுங்க. குதிரைய ஆரு பாக்கறது?" என்றான் தொட்டையன். பிறகு பாப்பாயியிடம், "நீ போ. நான் பொறகால வாறேன்" என்றான்.

அவன் போகவில்லை. காய்ச்சல்காரியோடு ஒரே வீட்டில் இருந்தவன் என்பதால் அவனை முகாமில் வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கொட்டகைக்குப் பின்னால் பிணம் எரியும் புகை தெரியும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, ஒரு சிப்பந்தி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பெயரைக் கூப்பிட்டு, அவள் போய்விட்டாள் என்று சொன்னான். அதற்குள் எரித்தும் விட்டிருந்தார்கள்.

முகாமிலிருந்து விட்டதும் தொட்டையன் நேராகக் கொட்டகைக்குப் போனான். சலோமி வேலிவரை வந்து பேசினாள்.

"அவளுக்குக் கட்டி இருந்துச்சுங்களா?"

"வந்தப்போ இல்லை. மறுநாள்தான் தெரிஞ்சுது. சில பேருக்கு அப்படித்தான், காய்ச்சல் முன்னாடி வரும். இல்லேன்னா இங்கே வந்து ஒட்டியிருக்கணும். டாக்டருக்கே சொல்லத் தெரியலைப்பா."

"எதாச்சும் சொன்னாளா?"

சலோமி பொய் சொல்லிப் பழகாதவள். "எங்க கையால தண்ணி குடிக்கலை. விஷம்னு பயந்துட்டா. 'அவரு வாறேன்னு சொல்லியிருக்கறாரு, அவரு கொண்டாருவாரு'ன்னா. நாங்க எவ்வளவோ சொன்னோம்" என்றாள்.



சாவுச் செய்தி கேட்டு ஊரிலிருந்து பாப்பாயியின் தம்பி மல்லப்பன் வந்தான். "அக்கா எப்பிடிப் போனா மாமா?" என்று கேட்டுக்கொண்டு வாசலிலேயே அழுதான். அவன் அழுவதைப் பார்த்த தொட்டையனுக்கு வாயில் வந்தது வேறு. "வீட்டுலதான் மாப்பளே. என்ற மடீல தலைய வெச்சுத்தான் போனா. பொறகுதான் சர்க்காருக்காரங்க வந்து எடுத்துட்டுப் போனாங்க." மல்லப்பன் அவன் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "அந்த மட்டுக்கும் உங்க மடி கெடைச்சுதே" என்றான்.

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். முறைப்படி சடங்கில்லாமல், ஊரார் தோள் கொடுக்காமல் போன சாவு. அதன் தீட்டு புருஷன்மேல் நிற்கும் என்றார்கள். மாதேஸ்வரன் மலைக்குப் போய் மொட்டை அடித்து, தலைமுழுகி, பூசை வைத்து, ஊருக்குச் சோறு போட்டால் தீரும். தொட்டையன் ஒன்றுவிடாமல் செய்தான். மலையில் தலைமுழுகி எழுந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள், "முடிஞ்சுது, எல்லாம் கழிஞ்சுது" என்றார்கள். அவர்கள் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த குற்றம் கழிந்துதான் போயிருக்கும். அவர்களுக்குத் தெரியாதது அவன் மொட்டைத் தலைக்குள் அப்படியே இருந்தது.

மைசூருக்குத் திரும்பி வண்டி ஓட்டினான். சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காது. தண்ணீர்ச் செம்பை எடுத்தால் வாய்வரை வராது. குதிரை மட்டும், அவள் பேச்சுக்கு ஒருநாளும் காது கொடுக்காத குதிரை, காலையில் வீட்டுக் கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டிருக்கும்.

அவன் வண்டியில் வாடிக்கையாகப் போகிறவர் ஸ்ரீனிவாசராகவன். மேல்கோட்டையைப் பூர்வீகமாகக் கொண்ட ஐயங்கார். மாஜிஸ்திரேட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ பேருக்குத் தண்டனை கொடுத்தவர், எத்தனையோ பேரை விட்டவர். ஒரு நாள் மைசூர்க் கோட்டைக்குள் அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபின் தொட்டையன் போகாமல் நின்றான்.

"என்னடா?"

"சாமி, நான் பண்ணுனது பாவங்களா, இல்லீங்களா? நீங்க சொல்லிப்போடுங்க." ஊருக்குப் போவதாகப் பொய் சொல்லிக் கொட்டகைக்குக் கொண்டு போனதைச் சொன்னான். அதற்கு மேல் சொல்லவில்லை.

ஸ்ரீனிவாசராகவன் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிலேயே நின்று யோசித்தார். "சட்டப்படி நீ செஞ்சதுதான் சரி. மறைச்சிருந்தா அது குத்தம். இனி பாவம் புண்ணியம்னு கேக்கறே. அதுக்கும் ஒண்ணுதான் கேள்வி. அப்போ உன் மனசுல என்ன இருந்துது?"

தொட்டையன் தரையைப் பார்த்தான். "தெருவுல நாலு பேரு பொழைக்கோணும்னுதானுங்க."

"அப்புறம் என்ன? எண்ணம் நல்லதா இருந்துது. பலன் நம்ம கையில இல்லை. பாரத்தைப் பெருமாள் திருவடியில போட்டுட்டு நிம்மதியா இரு."

உள்கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அவர் மனைவி ரங்கம்மா அப்போது பேசினாள். "நீங்க சொல்றது கோர்ட்டுக்குச் சரி. நம்பி வண்டியில ஏறினவ அவ. அவன் அதைன்னா கேக்கறான்?"

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். தொட்டையன் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினான். தீர்ப்புச் சொல்ல வேண்டியவரிடமும் பொய் சொல்லிவிட்டோம், பொய்ச் சாட்சியை வைத்துச் சொன்ன விடுதலை என்ன விடுதலை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனான்.

சலோமியிடம் அவனால் பொய் சொல்ல முடியாது. கூட இருக்கிறாயா என்று கேட்டவள் அவள்தான். அவன் சொன்ன பதிலைக் கேட்டவளும் அவள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலிலிருந்து வரும் வழியில் காத்திருந்து, குதிரையைச் சாக்குச் சொன்னதை ஒப்புக்கொண்டான்.

"நீ மட்டுமில்லைப்பா. நூறு பேரைக் கேட்டேன். அஞ்சாறு பேர்தான் உள்ளே வந்தாங்க" என்றாள் சலோமி. "பயம் எல்லாருக்கும் உண்டு. எனக்கும் இருந்துது. மனசறிஞ்சு ஆண்டவர்கிட்ட சொல்லு. எவ்வளவு பெரிய பாவமா இருந்தாலும் அவர் மன்னிப்பார்."

"நான் சாமிக்கு ஒண்ணும் பண்ணலீங்களே. அவளுக்குத்தான பண்ணுனேன். அவ மன்னிக்காத சாமி எப்பிடீங்க மன்னிக்கும்?"

"எல்லாப் பாவமும் கடைசியில அவருக்கு விரோதமாத்தான் போகும்."

"அப்பிடீன்னா என்ற பாப்பாயி இப்ப உங்க சாமிகிட்டத்தான் இருக்கறாளுங்களா? இருந்தா நான் இங்கயே மண்டி போட்டு அவகிட்டக் கேட்டுக்கறேன்."

ஞானஸ்நானம் பெறாதவளுக்கு அங்கே இடமில்லை என்றுதான் தன் வேதம் சொல்லும் என்பது சலோமிக்குத் தெரியும். இவன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. "எனக்குத் தெரியலை தொட்டையா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு அவனுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

ஒரு சாயங்காலம், சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த தேவம்மாவின் முன்னால் போய் நின்றான். அவள் கன்னடக்காரி. தெருத் தமிழர்களோடு பேசிப் பேசி இரண்டையும் கலந்து பேசுவாள்.

"அக்கா, நீங்க உங்கூட்டுக்காரர மறைச்சு வெச்சீங்க. எனக்குத் தெரியும். பொறகு தெருவுல இத்தன பேரு போயிட்டாங்க. உங்களுக்கு ஒண்ணும் பண்றதில்லீங்களா?"

தேவம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நோடு தொட்டையா, இங்க பாரு, அவரு என் கையால கஞ்சி குடிச்சுட்டுப் போனாரு. எனக்கு அது போதும். தெருவுல செத்தவங்க விதி முடிஞ்சு செத்தாங்க. நான் யாரையும் சாகுன்னு சொல்லலை."

"எதுத்தூட்டுக் கொழந்தைக..."

"அதுங்க அழுதா கதவைச் சாத்திக்கறேன்." சொன்னதும் அவள் கை நின்றது. "உனக்கு என்ன வேணும்? என்னைப் பாவின்னு சொல்லணுமா? சொல்லிட்டுப் போ. அதுல உன் பெண்டாட்டி வரமாட்டா."

அவன் அதற்காகத்தான் வந்திருந்தான் போல. அவளைவிடத் தான் மேல் என்று ஒரு நொடியாவது நினைத்துக்கொள்ள. அந்த நினைப்பே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. வீட்டுக்குள் போய்ச் சுவரில் தலையை மோதிக்கொண்டு உட்கார்ந்தான்.

எல்லாரிடமும் கேட்டாயிற்று. கேட்க வேண்டிய ஆள் ஒருத்திதான் மிச்சம். பாப்பாயியைப் பெற்றவள், லிங்கம்மா. மழை விட்டதும் தெரிந்தவன் ஒருவன் லாயத்தில் குதிரையை விட்டுவிட்டு நடந்தே ஊருக்குப் போனான். வண்டியில் அந்த ரோட்டில் போக அவனால் முடியவில்லை.

லிங்கம்மா களத்தில் அவரைக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும், "வாங்க மாப்பளே" என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். "என்ன இப்பிடி எளைச்சுப் போயிட்டீங்க? அவ போனவ போயிட்டா. நீங்க ஒடம்பப் பாக்கோணுமல்ல? ஒருத்தியக் கட்டிக்கங்க. நானே பாத்து முடிச்சு வெக்கறேன்."

"அத்தே, உக்காருங்க. ஒண்ணு சொல்லோணும்."

சொன்னான். ஊருக்கென்று சொல்லி வண்டியில் ஏற்றியதை, அவள் தலைவாரிக்கொண்டதை, ஆத்தாளுக்கு எடுத்த சீலையை, குதிரை திரும்பியதை, இழுத்துப் பிடிக்காததைச் சொன்னான். கூட இருக்கிறாயா என்று கேட்டதையும், தான் குதிரையைச் சாக்குச் சொன்னதையும் சொன்னான். "தெருவுக்காகன்னு எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டு இருக்கறனுங்க. அது பொய்யி. எனக்கு உசுருப் பயம் அத்தே. அவ என்ற மடீல சாகுல. எனக்குப் பயந்து அவளத் தனியா உட்டுப்போட்டு வந்துட்டேன்."

கோழிகள் அவரைக்கொட்டைமேல் ஏறிக் கொத்துவதைக்கூட லிங்கம்மா விரட்டவில்லை. பிறகு கேட்டாள்.

"தண்ணி கிண்ணி குடுத்தாங்களா அங்க?"

எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் அவன் அவ்வளவு தூரம் நடந்து வந்தான். அவள் கண் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"குடுத்தாங்கத்தே. குடிச்சாளாம்."

அவள் தலையை அசைத்தாள். பிறகு அவள் பேச்சில் 'நீங்க' இல்லை.

"எதுக்கு இப்ப இத எங்கிட்டச் சொன்னே?"

"நீங்கதானுங்க பெத்தவங்க. நீங்க அடிச்சாலும் செரி, மண்ண வாரித் தூத்துனாலும் செரி..."

"உனக்குப் பாரம் எறங்கோணும். அதுக்குத்தான வந்தே?" அவள் குரல் உயரவில்லை. "புருசன் மடீல போனா, மகராசின்னு நெனச்சுக்கிட்டுத்தான் நான் சோறு தின்னுட்டு இருந்தேன். ராத்திரி கண்ண மூடுனா உன்ற மடியும் அவ தலையுந்தான் தெரியும். அத வெச்சுத்தான் தூங்குனேன். இப்ப அதையும் புடுங்கிப்போட்டே. அவளக் கொண்டு போயி அங்க உட்டது பயத்துல. அத எந்தத் தாயும் ஒரு நாளைக்கு மறந்தாலும் மறப்பா. இத எதுக்குச் செஞ்சே?"

தொட்டையன் அவள் காலைத் தொடக் குனிந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"எறங்குச்சா உனக்கு?"

இறங்கவில்லை. இருந்ததோடு இன்னொன்று ஏறியிருந்தது. அவன் இல்லையென்று தலையை அசைத்தான்.

"எந்திரிச்சுப் போ. மல்லப்பன் காட்டுல இருந்து வாறதுக்குள்ள போயிரு."

அவன் போனான். வழியில் காவிரிக் கரையில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தான். ஆற்றில் இறங்கிவிடலாமா என்று நினைத்தான். அதற்கும் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை நினைத்து அங்கேயே வாய்விட்டு அழுதான்.

அடுத்தடுத்த குளிர்காலங்களிலும் பிளேக் மைசூருக்கு வந்தது. கொட்டகைக்கு ஆளேற்ற மற்ற வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். தொட்டையன் ஏற்றினான். ஆனால் ஏறுகிறவரிடம், வண்டி எங்கே போகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவான். கேட்டதும் சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சிலர் அவனைச் சபித்தார்கள். "ஏதாவது சொல்லி ஏத்திட்டு வாய்யா" என்று இன்ஸ்பெக்டர் அதட்டினார். "என்னால ஆகாதுங்க" என்றான். முனிசிபாலிடி கூலியைக் கூட்டிக் கொடுத்து வேறு வண்டியை அமர்த்திக்கொண்டது. இதனால் மனசு ஆறியது என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. மறுகல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஊரிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை.

பல வருஷம் கழித்து, மலைக்குப் போய்த் திரும்பிய ஒருவன் மூலமாக லிங்கம்மா செத்துப்போன செய்தி வந்தது. காரியம்கூட முடிந்துவிட்டதாம். போவதா வேண்டாமா என்று தொட்டையன் நாலு நாள் தவித்தான். கடைசியில் போனான். மல்லப்பன் திட்டினாலும் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று மனசைத் தயார்ப்படுத்திக்கொண்டு வாசலில் நின்றான்.

மல்லப்பனுக்குத் தலை நரைத்திருந்தது. அவனைக் கண்டதும் ஓடி வந்து கட்டிக்கொண்டான்.

"எங்கீங்க மாமா போயிட்டீங்க இத்தன வருசம்? ஒருக்காக்கூட இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலீங்களே. ஆத்தாகிட்டக் கேட்டா, அவருக்கு இங்க வந்தா அவ நெனப்பு வருது, வற்புறுத்தாதேம்பா."

தொட்டையன் அவன் முகத்தையே பார்த்தான். அதில் எதுவும் மறைந்திருக்கவில்லை.

"சாகறதுக்கு முந்தாநாள்கூட என்ற பொண்ணுககிட்டச் சொல்லிட்டிருந்தா. உங்க அத்தைக்கு வாய்ச்ச மாதிரி உங்களுக்கு வாய்க்கோணும், ஊரே பயந்து ஓடுனப்ப அவன் ஒருத்தன் மடீல வெச்சுட்டு உக்காந்திருந்தான்னு. வருசம் பூரா இதே பேச்சுத்தான் மாமா."

லிங்கம்மா மகனிடம் சொல்லவேயில்லை. அவன் கொண்டுவந்து கொட்டியதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அந்தப் பொய்யைத் தன் வாயால் வருஷக்கணக்காகச் சொல்லி, வீட்டில் இருந்தவர்களை அதை நம்ப வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அது அவனுக்குக் கொடுத்த மன்னிப்பா, அல்லது அவனை எப்போதும் விடாமல் பிடித்துக் கட்டிய தண்டனையா? கேட்பதற்கு இனி ஆள் இல்லை.

"மல்லப்பா" என்று தொடங்கினான்.

"சொல்லுங்க மாமா."

உள்ளே மல்லப்பனின் பெண்கள் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அவனை எட்டிப் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல. பசிக்குது" என்றான் தொட்டையன்.

உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். இரண்டாம் தரமும் போட்டார்கள். வேண்டாமென்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை. போட்டதையெல்லாம் தின்றான்.